கையைப் பழிக்கும் முன்

(வெள்ளி விழாத் தொழிற்கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)



விழாக் குழுவினர் எங்களுக்குக் குறித்துக் கொடுத்த தலைப்பு ‘தொழிற்கல்வியும் சமுதாய உயர்வும்’ என்பதாகும். அதனைப் பற்றி விரிவாகப் பேச வல்ல அறிஞர்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நாங்களோ காலை முதல் மாலை வரை மரத்தூளில் நிற்பவர்கள். ஆதலால் அப்பெருந்தலைப்பை ஓர் இயந்திரத்தின் அளவுக்குச் சுருக்கிக்கொள்ள அவையோர் அனுமதிக்க வேண்டுகிறோம். அவ்வியந்திரம் எங்கள் கூடத்துக்குப் புதிதாக வந்தது. வந்த சில வாரங்களுக்குள் எங்கள் பிள்ளைகளின் மேல் ஒரு பழியையும் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பழி எங்கிருந்து வந்தது, அதன் வேர் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்த செய்தி.

கடைக்காரர்கள் அதனை ‘ஸ்க்ரோல் சா’ என்பார்கள். நாங்கள் வளைவு ரம்பம் என்கிறோம். 5 அங்குல நீளமும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய பிளேடு ஒன்று, மேலே ஒரு கவ்வியிலும் கீழே ஒரு கவ்வியிலுமாக விறைப்பாகப் பிடிக்கப்பட்டு, நடுவிலுள்ள இரும்பு மேசையின் துளை வழியே மேலும் கீழும் ஓடும். நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை அதன் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு உண்டு. பலகையை மேசைமேல் வைத்து, வரைந்த கோட்டின்படி கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே வேலையைத் தையல் இயந்திரம் போலக் காலால் மிதித்து ஓட்டும் ரம்பத்தால் செய்தார்கள். வீட்டு முகப்புகளில் சரிகை போலத் தொங்கும் மரவேலைகள் அதில் பிறந்தவையே. நம் பக்கத்தில் பெயர்ப்பலகை எழுத்துகளும், பூசை மாடத்துச் சன்னல் வேலைப்பாடும், குழந்தைகளின் பொம்மைகளும் இத்தகைய ரம்பத்துக்கு ஏற்ற வேலைகள்.

எங்கள் பிள்ளைகளுக்கு வந்த முதல் பெரிய வேலை, ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி வந்தது. மேலூர்ப் பக்கத்திலும் வாடிப்பட்டிப் பக்கத்திலும் உள்ள படிப்பகங்களும் இளைஞர் மன்றங்களும் அண்ணலின் முகவடிவைப் பலகையில் அறுத்துத் தரக் கேட்டிருந்தன. மொத்தம் 40 படங்கள். 4 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் நான்கினை அடுக்கி, ஓரங்களில் சிற்றாணி அடித்து, ஒரே அறுப்பில் நான்கு படங்களை எடுப்பது எங்கள் திட்டம். நேரமும் பிளேடும் மிச்சமாகும் என்று கணக்கிட்டோம்.

முதல் அடுக்கைப் பிரித்துப் பார்த்தபோது மேற்பலகை மிக நேர்த்தியாக இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் மூக்குக் கண்ணாடியின் சட்டம் மெலிந்திருந்தது. நான்காவதில் அது நூலாகத் தேய்ந்து, கையிலெடுத்ததும் ஒடிந்து விழுந்தது. இரண்டாவது அடுக்கும் மூன்றாவது அடுக்கும் அவ்வாறே ஆயின. அறுப்பின் ஓரங்கள் சில இடங்களில் கருகியிருந்தன. அடிப்பக்கத்தில் சிம்புகள் பெயர்ந்திருந்தன. ஒரே நாளில் ஏழு பிளேடுகள் ஒடிந்தன.

அன்று மாலை கூடத்துக்கு வந்த சங்கத்துப் பெரியவர் ஒருவர், ஒடிந்த கண்ணாடிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: “இது தலைமுறை தலைமுறையாய்க் கையில் ஊறி வரவேண்டிய வேலையப்பா. நம்ம பிள்ளைகளுக்கு எப்படி வரும்? வேறு ஏதாவது கற்றுக் கொடுங்கள்.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இச்சங்கத்துக்காகத் தம் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கொடுத்தவர் அவர். அவர் வாயிலிருந்து வந்ததனால்தான் அச்சொல் எங்களை அதிகம் சுட்டது. பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி அதைக் கேட்டாள். மறுநாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய தாயார் வந்து, “பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறோம் ஐயா” என்றார்.

தலைமுறைக் கை என்ற அப்பேச்சுக்கு இம்மாநிலத்தில் ஒரு வரலாறு உண்டு. 1953-ஆம் ஆண்டில் இராஜாஜி ஆட்சியில் வந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டுப் போராடினார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. நாங்கள் இக்கூடத்தைத் தொடங்கியபோது, “படிப்புக்காக ஏற்பட்ட சங்கத்தில் மரவேலை எதற்கு? மறுபடியும் குலக்கல்வியா?” என்று கேட்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அப்பன் தொழிலைப் பிள்ளைமேல் கட்டுவது வேறு. அப்பனுக்குக் கதவடைக்கப்பட்டிருந்த தொழிலைப் பிள்ளை விரும்பிக் கற்பது வேறு. 1950-இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமும் அக்கதவை ஓரளவு திறந்தன. அதற்கு முன்னர், 1942 முதல் 1946 வரை, வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணலின் பொறுப்பில்தான் போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சியும் இருந்தது. அவருடைய முகத்தை அறுக்கும்போதா நம் பிள்ளைகளுக்குக் கை வராது என்று கேட்க வேண்டும்!

நிற்க. ஆத்திரத்தால் ரம்பம் நேராகிவிடாது. அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் நெடுங்காலம் மரவேலை கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவரை நாங்கள் அழைத்து வந்தோம். அவர் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கவில்லை. முதல் அடுக்கின் நான்கு பலகைகளையும் கேட்டு வாங்கி, அறுத்த வரிசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பக்கவாட்டில் கண்ணை ஓட்டினார். “தம்பி, இந்த நாலையும் தனித்தனியாகவா அறுத்தீர்கள்?” என்றார். “இல்லை ஐயா, சேர்த்துத்தான்” என்றோம். “அப்படியானால் மேற்பலகையை அறுத்ததும் இதே கை, அடிப்பலகையை அறுத்ததும் இதே கை, அதுவும் ஒரே நொடியில். மேலே நேராகப் போன கை கீழே மட்டும் எப்படிக் கோணும்? கையைப் பார்க்காதீர்கள். மேசையைப் பாருங்கள்.”

இவ்வளவு எளிய ஒரு கேள்வி எங்களுக்குத் தோன்றவில்லையே என்று இன்றும் வெட்கப்படுகிறோம்.

மேசையின் அடியில் சாய்வு காட்டும் முள் ஒன்று உண்டு. அது சுழியத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த முள் ஒரு தகரத்துண்டு. பெட்டியில் வரும் வழியில் எங்கேனும் இடிபட்டு வளைந்திருக்கலாம். சிறிய மூலைமட்டம் ஒன்றை மேசைமேல் வைத்துப் பிளேடை ஒட்டிப் பார்த்தபோது, மேலே தொட்டது. கீழே வெளிச்சம் தெரிந்தது. மேசை ஏறக்குறைய 3 பாகை சாய்ந்திருந்தது. 3 பாகை என்றால் கண்ணுக்குப் படாது. ஆனால் கணக்குப் போட்டால் தெரியும்: 16 மில்லிமீட்டர் கனமுள்ள எங்கள் அடுக்கில், மேலிருந்து அடிக்குப் போவதற்குள் பிளேடு 0.8 மில்லிமீட்டர் ஒரு பக்கமாக விலகிவிடுகிறது. கண்ணாடிச் சட்டத்தின் உள்வட்டத்தை அறுக்கும்போதும் வெளிவட்டத்தை அறுக்கும்போதும் சட்டம் பிளேடின் வலப்பக்கமே இருக்குமாறு பிள்ளைகள் திருப்பியிருக்கிறார்கள். ஆகவே இரண்டு பக்கமும் பிளேடு அடியில் சட்டத்தையே தின்றிருக்கிறது. 3 மில்லிமீட்டராக வரைந்த சட்டம் அடியில் ஒன்றரைக்கும் குறைவாகப் போனதன் காரணம் இதுதான். பிள்ளைகள் கோட்டை விட்டு இம்மியும் விலகவில்லை, கோட்டின்மேலேயே சென்றிருந்தனர்.

மூலைமட்டம் கைவசம் இல்லாதவர்களும் இதைச் சோதிக்கலாம். ஒன்றரை அங்குலக் கனமுள்ள கழிவு மரக்கட்டையை எடுத்து, அதன் ஓரத்தில் பிளேடால் சிறிதளவு ஒரு வெட்டு இடுங்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கட்டையை மேசையில் படுத்தபடியே அரைவட்டம் திருப்பி, அதே வெட்டினைப் பிளேடின் முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து பொருத்துங்கள். பிளேடு அந்த வெட்டுக்குள் எங்கும் உரசாமல் நுழைந்தால் மேசை நேர். மேலே நுழைந்து கீழே முட்டினால் சாய்வு இருக்கிறது. உள்ள சாய்வு இச்சோதனையில் இருமடங்காகத் தெரியும். அதுவே இதன் சிறப்பு. இவ்வாறு இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்து, மேசையின் திருகை இறுக்கிய பிறகு, அந்தச் சுழிய முள்ளையும் தளர்த்திச் சரியான இடத்தில் வைத்து முடுக்கிவிட வேண்டும். எந்தச் சோதனைக்கும் மேசையடியில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

மேசை நேரானதும் பாதித் தொல்லை தீர்ந்தது, மறுபாதி நின்றது. வளைவுகளில் அறுப்பின் நடுப்பகுதி பிதுங்கி, பீப்பாயின் விலாப்போல் வந்தது. இது பிளேடின் விறைப்புக் குறைவால் வருவது. விறைப்பில்லாத பிளேடு மரத்தின் கடினமான இழை எதிர்ப்பட்டால் அதை அறுக்காமல் வளைந்து ஒதுங்கிப் போகும். விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஒரு நூல் அளவுக்கு மேல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல், நகர்ந்தால் விறைப்புப் போதாது. சுண்டினால் தந்தி போல் தெளிவாக ஒலிக்க வேண்டும். தொம்மென்று ஒலித்தால் திருகை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அதற்காக ஏற்றிக்கொண்டே போனால் பிளேடு ஒடியும்.

நாங்கள் விறைப்பை ஏற்றினோம். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு மீண்டும் தளர்ந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. துருப்பிடிக்காமலிருக்கப் புதுப் பிளேடின்மேல் எண்ணெய் பூசி அனுப்புகிறார்கள். அந்த எண்ணெயோடு கவ்வியில் மாட்டினால், ஓடுகிற வேகத்தில் பிளேடு சிறிது சிறிதாக நழுவுகிறது. இரண்டு முனைகளையும் துணியால் துடைத்து, உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுத்து மாட்டினால் நழுவாது. கவ்வித் திருகின் முனை தேய்ந்து பளபளத்திருந்தால் அதையும் நுண்ணரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும். மேல்கவ்வியும் கீழ்க்கவ்வியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்பது அடுத்த சோதனை. எங்கள் இயந்திரத்தில் மேல்கவ்வி சற்றே திரும்பியிருந்தது. இயந்திரத்துக்கு நேர் எதிரே குனிந்து நின்று பார்த்தால், பிளேடின் பற்கள் மேலிருந்து கீழ்வரை நம் முகத்தையே நோக்க வேண்டும். எங்களுடையது முறுக்கிய கயிறு போல நின்றது. முறுகிய பிளேடு நேர்க்கோட்டை அறுக்காது, விரைவில் ஒடியும். அந்த ஏழு பிளேடுகளும் இப்படிப் போனவைதாம் என்று கருதுகிறோம்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடத்தில் ஒரு குறிப்பேடு உண்டு. பிளேடு ஒடிந்தால் எந்த மாணவர் கையில் ஒடிந்தது என்று பெயரோடு எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் நாங்களே. மாதக் கடைசியில் யார் பெயரில் அதிகம் என்று பார்ப்போம். அந்த மாணவியின் பெயர் அதில் ஐந்து முறை இருந்தது. பெரியவரின் வாயிலிருந்து வந்த சொல்லை நாங்கள் முன்னமே பேனாவால் எழுதி வந்திருக்கிறோம். இப்போது அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ‘காரணம்’ என்றொரு பத்தி போட்டிருக்கிறோம். விறைப்பு மிகை, முறுக்கு, முனை மழுங்கல், பலகை துள்ளியது என்று அதில் எழுத வேண்டும். நாங்கள் அவள் வீட்டுக்குப் போய், அவளுடைய தாயாரிடமும் அவளிடமும் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தோம்.

இனி ஒரு நுட்பம். எல்லாம் சரியாக இருந்தும் பிளேடு வலப்பக்கமாக இழுக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். நேராகத் தள்ளினால் அறுப்புக் கோட்டைவிட்டு வலமாக விலகுகிறது. கோட்டில் வைக்க வேண்டுமானால் பலகையைச் சற்றே சாய்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. இதையும் நாங்கள் முதலில் கைக்கோணல் என்றே நினைத்தோம். உண்மை என்னவென்றால், இவ்வகைப் பிளேடுகள் பலவற்றில் பல்லை வெட்டும் முறையினால் ஒரு பக்கத்தில் மட்டும் நுண்ணிய பிசிறு நிற்கிறது. அந்தப் பக்கம் மற்றதைவிடக் கூராக அறுக்கிறது. ஆகவே பிளேடு அந்தப் பக்கமே போகிறது. விரல் நகத்தை இரு பக்கமும் மெல்ல ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். இதற்கு இயந்திரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சில பாகை சாய்த்துத் தள்ளப் பழக வேண்டும். பரம்பரையாக இவ்வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை தன் தந்தை சாய்ந்து நிற்பதைப் பார்த்து, காரணம் கேளாமலே தானும் சாய்ந்து நிற்கப் பழகிவிடுகிறான். நம் பிள்ளைக்குப் பார்க்க ஆளில்லை. ஆகவே காரணத்தைச் சொல்லித் தரவேண்டியிருக்கிறது. சொன்ன பிறகு ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுடைய திறமையில் நமக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. எங்களுக்குத் தேக்கின் இழையோட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே ஒரு முதிய ஆசாரியார்தாம்.

வளைவில் திருப்பும் முறையையும் சொல்ல வேண்டும். சித்திரைத் தேர் மாசி வீதியின் மூலையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்போரின் வலிமை தேரை முன்னே கொண்டுவரும். மூலையில் திருப்புவது சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவரின் நிதானம். ரம்பத்திலும் மூலைக்கு வந்ததும் முன்னே தள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். பிளேடு தன் இடத்திலேயே ஓடட்டும். பலகையை மட்டும் அதைச் சுற்றித் திருப்ப வேண்டும். திருப்பும்போதே தள்ளினால் பிளேடு முறுகும்.

ஓரம் கருகுவதற்கு மழுங்கிய பிளேடும் மிகுந்த வேகமும் காரணம். தேக்கு, வாகை போன்ற மரங்களில் வேகத்தைக் குறைத்து, வரைந்த தாளின்மேல் பொட்டலம் ஒட்டும் வழுவழுப்பான நாடாவை ஒட்டி அறுத்தால் கருகல் பெரிதும் குறைகிறது. அடிப்பக்கம் சிம்பு பெயர்வதற்கு, கீழ்ப்பகுதியில் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் பிளேடு கிடைக்கிறது. கை ஆக உயரத்தில் நிற்கும்போது அந்த மேல்நோக்கிய பற்களில் இரண்டு மூன்று மேசைக்கு மேலே தெரியுமாறு மாட்ட வேண்டும். பிளேடின் எண் ஏற ஏறக் கனம் ஏறும்: கால் அங்குலத்துக்குட்பட்ட ஒட்டுப்பலகைக்கு 2 அல்லது 3, அரை அங்குலத்துக்கு மேல் 5 அல்லது 7 என்று வைத்துக்கொள்கிறோம். எங்கள் பழைய மேசை ஆடியதால் கோடே கண்ணுக்கு அதிர்ந்தது. ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, நான்கு மூலையிலும் போல்ட் போட்டு முடுக்கி, இடையில் பழைய டயர்த் துண்டுகளை வைத்தோம். மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல்: கூடத்தைச் சுற்றிக் கிணற்றுப் பம்பு செட்டுகள் உள்ளன. அவை ஓடும் வேளையில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மிகக் குறைந்து, ரம்பம் திணறும். நுண்ணிய வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொள்வதில்லை.

இச்சோதனைகளுக்கெல்லாம் காலையில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் போதும். இப்போது முறை வைத்து மாணவர்களே செய்து, குறிப்பேட்டில் கையெழுத்திடுகிறார்கள். மீதிப் படங்களை நான்காக அடுக்காமல் இரண்டிரண்டாக அடுக்கி அறுத்தோம். ஏப்ரல் 12 மாலைக்குள் 40-ம் முடிந்தன. வாடிப்பட்டிப் பக்கத்துப் படிப்பகம் ஒன்று அடுத்த ஆண்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறது. இம்முறை பெரியாரும் வேண்டுமாம். அவருடைய தாடியை எப்படி அறுப்பது என்று பிள்ளைகள் இப்போதே தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் தொழிற்கூடம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். கண்ணாடி ஒடிந்த அந்த முதல் அடுக்கின் நான்கு பலகைகளையும் வாசற்சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். கட்டையைத் திருப்பிப் பார்க்கும் சோதனையை, நான்கு நாள் வராமலிருந்தாளே, அந்த மாணவி உங்கள் முன் செய்து காட்டுவாள். அன்று பேசாமல் நின்ற பெரியவரும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரை முதலில் அழைத்துச் செல்வதாக அவளிடம் சொல்லியிருக்கிறோம்.